கப்பலில் இருக்கும் அப்பா

ஆள் நல்ல உயரம் என்பதால் கூட வேலை செய்தவர்கள் அவனை நெட்டையன் என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய் பதிக்கும் கப்பலில் அவன் வெல்டர். முன்கை இரண்டிலும் தீப்பொறி பட்டுப் பட்டுப் புள்ளி புள்ளியாகத் தழும்பு. நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் எப்போதும் கொஞ்சம் சிவந்தே கிடக்கும். தங்கமான மனுஷன்தான். ஆனால் மாடிப்படி இருட்டில் திடீரென்று எதிரே வந்தால் பெரியவர்களே ஒரு எட்டுப் பின்வாங்குவார்கள்.

மகள் பிறந்து தலை நிற்பதற்குள் கப்பலேறியவன். ஒப்பந்தம் நீண்டுகொண்டே போனது. அவள் ஓடித் திரிந்து வாயாடும் வயதில்தான் விடுமுறையில் வீடு வந்து சேர்ந்தான். வீட்டில் அவளைச் சிட்டு என்றுதான் அழைப்பார்கள். கதவைத் திறந்ததும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினான். சிட்டு ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நொடி அம்மாவின் கால்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, “மாமா யாரு?” என்றாள். தெரியாத ஆண்பிள்ளை எவனும் அவளுக்கு மாமாதான்.

“மாமா இல்லடி, அப்பா” என்றாள் மனைவி.

“அப்பா கப்பல்ல” என்று திருத்தினாள் சிட்டு.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இரண்டு நாளில் பழகிவிடுவாள் என்றார்கள். பழகவில்லை. குரைத்துக்கொண்டே ஓடும் பொம்மை நாயை வாங்கி வந்தான். அதைப் பார்த்து வீறிட்டாள். நாலு கால் பிராணி போல் தவழ்ந்து காட்டினான். கட்டிலில் ஏறி நின்று அழுதாள். சாக்லேட்டைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு, கொடுத்த கையைத் தொட்டுவிடாமல் ஓடிப்போவாள். அவன் கட்டிலருகே வந்தால் கத்துகிறாள் என்று கூடத்தில் பாய் விரித்துப் படுத்தான். அவள் நன்றாகத் தூங்கிய பிறகு எழுந்து போய் வாசலில் நின்று முகத்தைப் பார்த்துவிட்டு வருவான். மகளை அவன் ஆசை தீரப் பார்த்ததெல்லாம் அந்த நேரத்தில்தான்.

“சத்தமா பேசாதீங்க தம்பி, பயந்துக்குது. மெதுவா, கொஞ்சிப் பேசுங்க” என்றாள் மனைவியின் அக்கா. எதிர் வீட்டில் குடியிருந்தவள் அவள்தான். மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் நேரமெல்லாம் சிட்டுவைப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். அவனும் குரலைப் பஞ்சு போல ஆக்கிக்கொண்டு, யாரோ இரவல் கொடுத்த தொண்டையில் பேசுவது போலப் பேசிப் பழகினான். ஒன்றும் நடக்கவில்லை.

விடுமுறை கரைந்துகொண்டே வந்தது. அப்படி ஒரு நாள் முன்னால் போன பஸ்ஸின் முதுகில் அந்த விளம்பரத்தைப் பார்த்தான். பெரிய பொழுதுபோக்குப் பூங்கா, ராட்சச ராட்டினம், அதற்கு முன்னால் ஒரு அப்பா, அவர் தோளில் ஒரு குழந்தை, இருவருக்கும் வாய்கொள்ளாச் சிரிப்பு. அன்றிலிருந்து அது அவன் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அங்கே கூட்டிப் போனால் சிரிப்பாள். சிரித்தால் ஒட்டிக்கொள்வாள்.

“லீவு கேட்டிருக்கேங்க. கிடைச்சதும் மூணு பேருமா போவோம்” என்றாள் மனைவி. சரக்கு அனுப்பும் அவசரத்தில் தொழிற்சாலையில் யாருக்கும் லீவு இல்லை என்றுவிட்டார்கள்.

“அப்ப நானே கூட்டிட்டுப் போறேன்.”

“அழுவாளேங்க” என்றாள் மனைவி.

“அழட்டும். என்கிட்டதான அழுவா.”

தூங்கும்போதே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்ற யோசனை அக்காவுடையது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பிப் போனதும், சிட்டுவைப் போர்வையோடு அள்ளி அவன் தோளில் சாய்த்தாள். பஸ்ஸில் முழு நேரமும் தூங்கினாள் சிட்டு. அவள் மூச்சு அவன் கழுத்தில் சுடச்சுடப் பட்டது. ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இப்படியே இந்த பஸ் எங்கேயும் நிற்காமல் போனால் தேவலை என்று நினைத்தான்.

பூங்காவின் வாசலில், டிக்கெட் வாங்கி உள்ளே நுழையும் வரிசையில், ஒலிபெருக்கி அலறியது. சிட்டு கண் விழித்தாள். அம்மா இல்லை. பெரியம்மா இல்லை. வீடும் இல்லை. ஒரு சிவந்த கண்ணும் தழும்புக் கையும்தான் அவளைப் பிடித்திருந்தன.

அப்போது எடுத்த அழுகை.

“ராஜாத்தி, இங்க பாரு, குதிரை பாரு, பலூன் பாரு” என்று இரவல் குரலில் கெஞ்சினான். அவள் வில்லாக வளைந்து பின்னால் சாய்ந்தாள். டிக்கெட்டோடு கையில் மாட்டிவிட்ட காகித வளையத்தைப் பிய்த்து எறிந்தாள். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் பாவம் என்றும், சிலர் என்ன மனுஷன் இவன் என்றும்.

உள்ளே நுழைந்ததும் ஆளுயர முயல் ஒன்று குழந்தைகளுக்குக் கை கொடுத்தபடி வந்தது. முயல் வேஷத்துக்குள் இருந்தவருக்கும் பிழைப்பு. அழும் குழந்தையைச் சிரிக்கவைப்போம் என்று குனிந்து, மூக்கருகே தலையை ஆட்டினார். சிட்டு உயிரே போவது போல் அலறி நெட்டையனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முகத்தை அவன் தோளில் புதைத்து, சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பற்றிக்கொண்டாள். அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்ல” என்று முதுகைத் தடவினான். முயல் போகாமல் அங்கேயே நிற்கட்டும் என்று அவன் வேண்டிக்கொண்டதை வெளியே சொல்ல முடியாது.

முயல் போய்விட்டது. சிட்டு மெல்லத் தலையை நிமிர்த்தி, தான் கட்டிக்கொண்டிருப்பது யாருடைய கழுத்து என்று பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அந்த உயரத்துக் குழந்தைகளை ஏற்றிக்கொள்ளும் ராட்டினங்கள் கொஞ்சம்தான். மரக்குதிரையில் உட்காரவைத்தான், அது நகர்ந்ததுமே அவள் கீழே குதிக்கப் பார்த்ததால் இயக்குகிறவர் விசையை நிறுத்தி, “இறக்கிடுங்க சார், விழுந்து வச்சா எங்க தலை உருளும்” என்றார். பொம்மை ரயிலில் பெட்டிக்குள்ளேயே நுழையவில்லை. ஐஸ்கிரீமைத் தட்டிவிட்டாள். வெயில் ஏறியது. அவள் குரல் கம்ம ஆரம்பித்தது. கம்மிய குரலில் “அம்மா, அம்மா” என்று அவள் சொல்வதைக் கேட்டபோது, வீட்டுக்கே போய்விடுவோம் என்று ஒரு மனம் சொன்னது. போனால் அவ்வளவுதான், இனி இவள் உன்னைக் கண்டாலே இன்றைய நாள்தான் ஞாபகம் வரும் என்று இன்னொரு மனம் சொன்னது. இந்த இன்னொரு மனத்தின் பேச்சைக் கேட்டதுதான் தப்பு.

படகுக் குளத்தின் கரைத் திண்டில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கடைசி முயற்சியாகக் கைபேசியை எடுத்தான். மனைவி பேசுவதை எடுத்து வைத்திருந்த ஒரு சின்ன வீடியோவை ஓடவிட்டுக் கையில் கொடுத்தான். சிட்டு விம்மலை நிறுத்தினாள். அம்மா திரையில் சிரித்தாள், கை அசைத்தாள், முடிந்துபோனாள். “அம்மா வா” என்றாள் சிட்டு. திரையைத் தட்டினாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அம்மா வரவில்லை. வந்த கோபத்தில் கைபேசியைக் குளத்தில் வீசிவிட்டாள்.

“ஐயோ!” என்று அவன் தண்ணீர்ப் பக்கம் பாய்ந்த அந்தக் கண நேரத்தில், சிட்டு கீழே இறங்கிக் கூட்டத்துக்குள் ஓடினாள்.

கால்கள், பைகள், தள்ளுவண்டிகள். இடுப்புக்குக் கீழே குனிந்து குனிந்து தேடியபடி ஓடினான். செயற்கை அலை எழும்பும் குளத்தின் படிக்கட்டருகே அவளுடைய மஞ்சள் சட்டை தெரிந்தது. எட்டிப் புஜத்தைப் பிடித்துவிட்டான். பிடித்த பிடி அழுத்தமாகத்தான் இருந்திருக்கும். தண்ணீர் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

“விடு! மாமா வேணாம்! அம்மாகிட்ட போணும்! விடு!”

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, தன் குழந்தைகள் இருவரையும் ஒரு ஓரமாக நிறுத்திவிட்டு நேரே வந்தாள். கண்ணாடியைக் கழற்றி சிட்டுவின் உயரத்துக்குக் குனிந்தாள்.

“இவரு யாரு பாப்பா?”

“மாமா.”

“உங்க அப்பா எங்கம்மா?”

“அப்பா கப்பல்ல.”

அந்த அம்மாள் நிமிர்ந்து நெட்டையனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. “நான்தாங்க அந்த... நான்தான் அப்பா. கப்பல்லேருந்து வந்திருக்கேன்” என்றான். தன் காதுக்கே அது பொய்யாகப்பட்டது. அவள் குழந்தையின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, “யாராவது செக்யூரிட்டியக் கூப்பிடுங்க!” என்று கத்தினாள்.

பாதுகாப்பு அலுவலகம் பூங்காவின் பின்பக்கம், பலகை வைத்துத் தடுத்த இரண்டு அறை. ஒன்றில் சிட்டுவைப் பூங்காவின் பெண் காவலர் ஒருவர் மடியில் வைத்துக்கொண்டார். இன்னொன்றில் நெட்டையன். எதிரே மேற்பார்வையாளர், வழுக்கைத் தலை, நிதானமான பேச்சு. அந்த நிதானம்தான் அவனை மிரள வைத்தது.

“குழந்தை போட்டோ ஏதாவது இருக்கா?”

“போன்ல நிறைய இருந்துச்சு சார். போன் குளத்துல...”

“குளத்துல.”

“ஆமா சார்.” பர்ஸிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினான். ஓரம் நைந்த படம். துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை.

மேற்பார்வையாளர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். “இந்த வயசுல எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிதான் இருக்கும். சரி, குழந்தை உடம்புல மச்சம், தழும்பு ஏதாவது?”

“தெரியல சார்.”

“என்ன சாப்பிடும்?”

“அது... அவங்க பெரியம்மாதான் ஊட்டுவாங்க.”

“எதாவது ஒத்துக்காதா? மருந்து, மாத்திரை?”

“தெரியல சார்.”

“தூங்குறப்ப எதையாவது கட்டிப் பிடிச்சுக்குமா? பொம்மை, தலகாணி?”

இதற்கு மட்டும் அவனுக்குத் தெரியும். “அவங்கம்மாவோட பழைய துப்பட்டா. நீலக் கலர். நுனியை வாயில வச்சுக்குவா” என்றான். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இதை நாங்க எப்படிப்பா சரி பார்க்கிறது?” என்றார் மேற்பார்வையாளர். முதல் தடவையாக அவர் குரல் கொஞ்சம் இளகியிருந்தது. ஆனாலும் போலீஸுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார்.

பலகைக்கு அந்தப் பக்கம் சிட்டு அழுவது கேட்டது. அழுகை என்று சொல்ல முடியாது. தொண்டை வற்றிப்போய், காய்ந்த கதவு திறப்பது போல ஒரு சத்தம். நெட்டையன் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். கேட்டதில் ஒன்றே ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்திருந்தது. இவர்கள் சொல்வதும் சரிதானே, இந்தக் குழந்தைக்கு நான் யார் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போகவில்லை.

மனைவியின் எண் மனப்பாடம். மேசைத் தொலைபேசியிலிருந்து அடித்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் பெண்களின் கைபேசிகளெல்லாம் தொழிற்சாலை வாசலில் ஒரு பெட்டியில் கிடக்கும். அக்காவின் எண் குளத்துக்குள். கடைசியில் கணினியில் தேடித் தொழிற்சாலை எண்ணைக் கண்டுபிடித்து, ரிசீவரை அவன் கையில் கொடுத்தார்கள்.

எடுத்தது வாசல் காவலாளி. அந்தப் பக்கம் தையல் இயந்திரங்களின் இரைச்சலோ, லாரி இரைச்சலோ, ஒரு சொல் விளங்கவில்லை. நெட்டையன் இரவல் குரலில் இரண்டு தடவை சொன்னான். “என்ன? யாரு? சத்தமா பேசுப்பா!” என்றார் காவலாளி. வைத்துவிடுவாரோ என்று பயந்து, அவன் ரிசீவரை வாயோடு அழுத்திக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

“ஹலோ! நான்தான் பேசுறேன்! கேக்குதா? ஹலோ! கேக்குதா?”

“கேக்குது!”

பதில் தொலைபேசியிலிருந்து வரவில்லை. பலகைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

கப்பலில் முகம் தெரியப் பேசும் அளவுக்கு சிக்னல் கிடைக்காது. வெறும் குரல்தான், அதுவும் இயந்திர அறைக்கு மேலே, தளத்தின் ஒரு மூலையில் நின்றால்தான் கிடைக்கும். காது செவிடாகும் அந்த இரைச்சலில் அவன் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் காட்டுக்கத்தல் கத்துவான். சிட்டு பேசப் பழகியதிலிருந்து, அவன் “கேக்குதா?” என்பதும் இவள் “கேக்குது!” என்பதும்தான் அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட பேச்சில் பாதி. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லோருமாகச் சேர்ந்து அந்தக் குரலைத்தான் அமுக்கி வைத்திருந்தார்கள்.

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் காவலர் சிட்டுவைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். சிட்டு அவனைப் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தாள்.

“அப்பா போன். குடு.”

அவன் நீட்டினான். அவள் காதில் வைத்துக்கொண்டாள். “அப்பா” என்றாள். காவலாளி என்னவோ கேட்டார் போலிருக்கிறது; முகத்தைச் சுளித்தாள். உதடு பிதுங்கியது.

நெட்டையன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முகம் தெரிந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று தோன்றியது. சுவரைப் பார்த்தபடியே கத்தினான். “சிட்டு! சாப்டியா? அப்பா பேசுறேன்! கேக்குதா?”

“கேக்குது! அப்பா, சீக்கிரம் வா. மாமா தூக்கிட்டு வந்துட்டாங்க. பெரிய முயல் வந்துச்சு. பயமா இருக்கு. அம்மா இல்ல. நீ வா.”

“வந்துட்டேன்டா” என்றான். “இங்கதான் இருக்கேன். அப்பா வந்துட்டேன்.” அதற்கு மேல் கத்த முடியவில்லை.

திரும்பினான். சிட்டு ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அதையும் பார்த்தாள், அவன் வாயையும் பார்த்தாள். மறுபடி காதில் வைத்துக் கேட்டாள். ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. அதெல்லாம் நடக்கவில்லை. ஏதோ தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்பது போலப் பெண் காவலரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சன்னமாக அழுதாள்.

மேற்பார்வையாளர் எழுந்து போய் யாரிடமோ, “போலீஸ் வேணாம்னு சொல்லிடுங்க” என்றார். ரிசீவரை அவரே வாங்கித் தொழிற்சாலைக் காவலாளியிடம் விஷயத்தைச் சொன்னார்.

மனைவி வந்தபோது அவள் சட்டையெல்லாம் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தாள். சிட்டு ஒரே தாவாகத் தாவினாள். “இவரு யாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா...” என்று மேற்பார்வையாளர் இழுத்தார்.

“என் வீட்டுக்காரர். இவளோட அப்பா. வேற யாரா இருப்பாரு?” என்றாள். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவனிடம் திரும்பி, “சொன்னேனே... சொன்னேனே நான்...” என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

வெளியே அந்தக் கறுப்புக் கண்ணாடி அம்மாள் இன்னும் போகாமல் நின்றிருந்தாள். அவளுடைய குழந்தைகள் அலுத்துப்போய்த் தரையில் உட்கார்ந்திருந்தன. “என் பிள்ளையா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன்” என்றாள், சண்டைக்குத் தயாரான குரலில்.

“சரியாத்தாங்க செஞ்சீங்க” என்றான் நெட்டையன். “அத்தனை கூட்டத்துல ஒருத்தராவது கேட்டீங்களே.” மனதாரத்தான் சொன்னான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழந்தைகளை எழுப்பினாள்.

பஸ்ஸில் மூவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். பாதி வழியில் மனைவி, “எதுலயாவது ஏறினாளா?” என்று கேட்டாள். “ஒண்ணுலயும் ஏறல” என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதிலிருந்துதான் அழுகிறாள் என்று தெரிந்தது.

வீடு போய்ச் சேர்வதற்குள் சிட்டுவுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. இறங்குவதும் ஏறுவதுமாக அது இழுத்தடித்தது. அதற்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. ஆள் எடுத்து அனுப்பும் ஏஜென்ட் கூப்பிட்டபோது, “குழந்தைக்கு உடம்பு சரியில்ல, இப்ப வர முடியாது” என்றான். அடுத்த தடவை கூப்பிட்டபோது காய்ச்சல் விட்டிருந்தது. அப்போதும் அதையேதான் சொன்னான். அதற்கப்புறம் ஏஜென்ட் கூப்பிடவில்லை.

பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் சேர்ந்தான். தடித்த குழாயில் பழகிய கை. மெல்லிய தகரத்தில் பற்றவைத்ததும் ஓட்டை விழுந்தது. இளைய ஆட்களெல்லாம் சிரித்தார்கள். தொழிலை மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டில் அவன் குரலை இப்போது யாரும் அடக்கச் சொல்வதில்லை. அவன் குளியலறையிலிருந்து யாரையாவது கூப்பிட்டால் சிட்டு விளையாட்டை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவாள். வெளியே வந்து நின்றால் மறுபடி தலையைக் குனிந்துகொள்வாள். குரலையும் ஆளையும் ஒன்றாக்கிப் பார்க்க அவளுக்கு நெடுநாள் ஆனது.

மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியும் அக்காவும் கடைக்குப் போயிருந்தார்கள். நெட்டையன் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தான். கூடத்தில் தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்க்கலாமா, போனால் இன்னும் பயந்துவிடுவாளா என்று அவன் தயங்கி நிற்கும்போதே, முழங்காலில் சிராய்ப்போடு சிட்டு அழுதுகொண்டே உள்ளே வந்தாள். வீட்டில் வேறு ஆளில்லாததால்தான் வருகிறாள் என்று அவனுக்குத் தெரியும். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அவன் தரையில் உட்கார்ந்தான். அவள் வந்து காயத்தைக் காட்டினாள்.